பளபளப்பு பொய் சொல்லும்: சிலிண்டர் ஹெட் போர்ட்டிங்கை எடைபோட்ட வரலாறு

போர்ட்டிங் பண்ணின சிலிண்டர் ஹெட் ஒன்றை மேசை மேல் வைத்து, "வேலை நல்லா இருக்கா, சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்போம். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தால் "சூப்பர் வேலை" என்போம். விரலை விட்டுத் தடவி, வழவழவென்று இருந்தால் இன்னும் சந்தோஷம். பில் தொகைகூட அப்போது நியாயமாகத் தெரியும்.

அந்தப் பளபளப்புக்கும் எஞ்சின் தரும் சக்திக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை. ஒரு ஹெட்டின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பதில் வைத்திருந்தது. முதலில் கண், அப்புறம் காற்றின் அளவு, அப்புறம் காற்றின் வேகம், டைனோ, ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு பதிலும் முந்தையதன் பொய்யை அம்பலப்படுத்தியது; கூடவே தன் பங்குக்குப் புதுசா ஒரு பொய்யையும் கொண்டுவந்தது. இந்தக் கதையில் நம்ம அம்பாசடர், சோழவரம், கோயம்புத்தூர் எல்லாம் வருகின்றன. ரேஸ் டிராக்கே இல்லாத எங்கள் காரைக்காலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அது டீசல் வழியாக வரும்.

முதலில், போர்ட் என்பது எது?

நம்ம பக்கம் "போர்ட்டிங்" என்றதும் நிறைய பேருக்கு ஞாபகம் வருவது யமஹா ஆர்எக்ஸ் 100. அது டூ ஸ்ட்ரோக். அதில் துளைகள் சிலிண்டரின் சுவரில் இருக்கும். பிஸ்டனே கதவு மாதிரி அவற்றைத் திறந்து மூடும். துளையை மேலே கொஞ்சம் அரைத்தால் அது திறக்கும் நேரமே மாறிவிடும். அது தனிக்கலை, அதற்குத் தனி வரலாறு.

கார் எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக். இதில் சிலிண்டருக்கு மேல் மூடி போல உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்குள் துளைகள் ஓடுகின்றன. கார்புரேட்டரில் இருந்து வரும் காற்றும் பெட்ரோலும் இன்டேக் போர்ட் வழியாக வளைந்து இறங்கி, வால்வைச் சுற்றிக்கொண்டு சிலிண்டருக்குள் போகும். எரிந்த புகை எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக வெளியேறும். திறக்கும் நேரத்தை கேம்ஷாஃப்ட் பார்த்துக்கொள்ளும். ஆகவே போர்ட்டின் வேலை ஒன்றே ஒன்றுதான்: கிடைத்த நேரத்துக்குள் காற்றைச் சிரமமில்லாமல் உள்ளே விடுவது.

அந்த நேரம் எவ்வளவு? 6000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 தடவை மூச்சு இழுக்கிறது. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க எடுக்கும் நேரம் 5 மில்லிசெகண்ட். வால்வு கொஞ்சம் முன்னாலேயே திறந்து பின்னால் மூடுவதால் இன்னும் சில மில்லிசெகண்ட் கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவுதான் அவகாசம்.

ஹெட்டை வார்க்கும்போது இந்தத் துளையின் வடிவத்தை மணலால் செய்த ஒரு 'கோர்' தீர்மானிக்கிறது. பவுண்டரி வேலை தெரிந்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது விளக்கவே தேவையில்லை. கோர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் துளையும் நகரும். நாலு சிலிண்டரின் துளைகளும் அச்சு அசலாக ஒன்று போல இருக்காது. வால்வு சீட்டுக்கும் வார்ப்புக்கும் நடுவில் ஒரு விளிம்பு நிற்கும். ஒரு தயாரிப்பாளர் ஆயிரக்கணக்கில் ஹெட் வார்க்கும்போது இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். அவர் விட்டுவைத்ததைக் கையால் சரிசெய்வதுதான் போர்ட்டிங். அதாவது கல்லை நகை ஆக்குவது அல்ல, தப்பைத் திருத்துவது. இந்த வித்தியாசம் பிற்பாடு முக்கியமாகும்.

பிரெஞ்சுக்காரர்களின் 1912

காரைக்கால் 1739ல் இருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது (நடுவில் ஆங்கிலேயர்கள் பிடித்துக்கொண்ட ஆண்டுகளும் உண்டு). அப்படி இங்கே மூவர்ணக் கொடி பறந்த காலத்தில், 1912ல், பிரான்ஸின் தியெப் நகரில் நடந்த கிராண்ட் பிரீயை ஒரு பெஜோ கார் ஜெயித்தது. ஓட்டியவர் ஜார்ஜ் புவாயோ. 7.6 லிட்டர் எஞ்சின். அதைவிடப் பெரிய எஞ்சின்களோடு மோதித்தான் அது ஜெயித்தது. அதன் ரகசியம் ஹெட்டில் இருந்தது: மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு, சாய்த்து வைத்த வால்வுகள். அடுத்த வருடமே இன்னொரு பெஜோ அமெரிக்காவுக்குப் போய் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் ஜெயித்தது. ஓட்டியவர் ஜூல் கூ.

அதோடு ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. எஞ்சின் பெரிதாக இருப்பது முக்கியமில்லை, நன்றாக மூச்சு விடுவதுதான் முக்கியம். இன்று ஷோரூமில் நிற்கிற சின்ன ஹேட்ச்பேக்கில்கூட இருப்பது அதே அமைப்பின் பேரப்பிள்ளைதான்.

ஆனால் 'நன்றாக மூச்சு விடுகிறது' என்பதை அன்று யாரும் அளக்கவில்லை. எஞ்சினை முழுசாகக் கட்டி, ஓட்டி, ஜெயித்தால் ஹெட் நல்ல ஹெட். தோற்றால் மோசமான ஹெட். கல்யாணம் ஆன பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

காற்றை அளந்த மனிதர்

அளந்து பார்த்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக். 1897ல் பிறந்து 1978ல் இறந்தவர். கார்புரேட்டர் வியாபாரத்தில் ஆரம்பித்து, 1920களில் பென்ட்லி போன்ற நிறுவனங்களுக்கு ஹெட் வேலை செய்து கொடுத்தவர். அவர் யோசனை எளிமையானது. எஞ்சினை ஓட்டவே வேண்டாம். ஹெட்டை மட்டும் கழற்றி ஒரு பெஞ்சில் வை. வால்வை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் திறந்து நிறுத்து. அதன் வழியாகக் காற்றை இழு. எவ்வளவு காற்று போகிறது என்று எழுது. கொஞ்சம் அரை. மறுபடி இழு. கூடியதா, குறைந்ததா?

இதுதான் 'ஃப்ளோ பெஞ்ச்' என்று இன்று நாம் சொல்வதன் பிறப்பு.

1935ல் இதன் பலன் உலகத்துக்குத் தெரிந்தது. பிற்பாடு ஜாகுவார் ஆன நிறுவனத்தின் முதலாளி வில்லியம் லயன்ஸ், ஸ்டாண்டர்டு கம்பெனியின் இரண்டரை லிட்டர் வகை எஞ்சினை வாங்கிக்கொண்டிருந்தார். வால்வு பக்கவாட்டில் இருந்த பழைய அமைப்பு அது. சக்தி 70 குதிரைத்திறனைக் கொஞ்சம் தாண்டும். வெஸ்லேக் அதே அடிப்பகுதிக்கு வால்வை மேலே வைத்த புது ஹெட் வடிவமைத்தார். சக்தி 100ஐத் தாண்டியது. 1948ல் வந்த ஜாகுவாரின் 3.4 லிட்டர் எக்ஸ்கே எஞ்சினுக்கு 160 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். அதன் ஹெட்டிலும் வெஸ்லேக்கின் கை உண்டு. 1967ல் பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் டான் கர்னி தன் சொந்த ஈகிள் காரில் ஜெயித்தபோது பின்னால் இருந்தது வெஸ்லேக் பட்டறையின் 12 சிலிண்டர் எஞ்சின்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். இருக்கிறது.

நம்ம தெருவில் நின்ற வெஸ்லேக்

ஆஸ்டின் கம்பெனி வெஸ்லேக்கிடம் இருந்து ஒரு எரியறை வடிவத்தை உரிமம் வாங்கியது. ஹெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் இதயம் மாதிரி, வெற்றிலை மாதிரி என்றும் சொல்லலாம், ஒரு குழி. இரண்டு வால்வுக்கும் நடுவில் ஒரு முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வடிவம் ஆஸ்டினின் பி சீரிஸ் எஞ்சினில் வந்தது. அதன் 1489 சிசி வடிவம்தான் பிற்பாடு இந்துஸ்தான் அம்பாசடருக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே பல பத்தாண்டுகள், காரைக்காலில் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போன அம்பாசடர் முதல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்ற வெள்ளை அம்பாசடர் வரை, பானெட்டுக்குள் உலகின் மிகப் பிரபலமான ஹெட் நிபுணரின் எரியறை இருந்தது. தலைமுறை தலைமுறையாக நம் மெக்கானிக்குகள் அந்த ஹெட்டை இறக்கி, பேஸ்ட் போட்டு வால்வு தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுதா என்று பார்த்து மாட்டியிருக்கிறார்கள்.

அந்த ஹெட்டில் ஒரு வினோதமும் இருந்தது. நாலு சிலிண்டருக்கு இன்டேக் துளை இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு துளையைப் பங்கிட்டுக்கொள்ளும். மூன்றும் நான்கும் இன்னொன்றை. எக்ஸாஸ்ட் துளை மூன்று. எல்லாம் ஒரே பக்கம். 'சயாமீஸ்' துளை என்பார்கள், ஒட்டிப்பிறந்த இரட்டையர் போல.

இப்போது இதன் எரியும் வரிசையைப் பாருங்கள்: 1-3-4-2. மூன்றாவது சிலிண்டர் மூச்சு இழுத்து முடிக்கிற நேரத்தில் நான்காவது ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே துளை. அதேபோல இரண்டாவது முடிக்கும்போது முதலாவது ஆரம்பிக்கும். முதல் வால்வு இன்னும் மூடியிருக்காது, அதற்குள் பக்கத்து வால்வு திறந்து அதன் பங்கைப் பிடுங்கும். ஒரே டம்ளரில் இரண்டு ஸ்ட்ரா போட்டு அண்ணன் தம்பி மோர் குடிக்கிற மாதிரி.

ஃப்ளோ பெஞ்சில் வைத்தால் இது தெரியுமா? தெரியாது. பெஞ்சில் ஒரு வால்வைத் திறந்து வைத்து, ஒரே சீராகக் காற்றை இழுக்கிறோம். அங்கே தம்பி இல்லை, பிடுங்கலும் இல்லை. வெஸ்லேக்கின் எரியறை இருந்த ஹெட்டே வெஸ்லேக் முன்னெடுத்த அளவுகோலின் எல்லையைக் காட்டிக்கொடுக்கிறது. இதே அமைப்பு கொண்ட சின்ன அண்ணன் ஏ சீரிஸ் எஞ்சின்தான் மினி காரில் இருந்தது. இங்கிலாந்தில் டேனியல் ரிச்மண்ட் என்பவர் தன் டவுன்டன் பட்டறையில் அந்த ஹெட்டுகளைச் செதுக்கியே பெயர் வாங்கினார். பின்னால் கார் கம்பெனியே அவரை ஆலோசகராக அழைத்துக்கொண்டது.

சோழவரம்: ஸ்டாப்வாட்சின் ஆட்சி

மெட்ராசுக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் ரேஸ் நடத்த ஆரம்பித்தது. 1980களின் கடைசி வரைக்கும் இந்திய மோட்டார் பந்தயத்தின் முக்கியமான மேடை அதுதான்.

அந்தக் காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நினைத்துப் பாருங்கள். ராஜா வீட்டுக்காரர்களிடமும் தொழிலதிபர்களிடமும் சில வெளிநாட்டு ரேஸ் கார்கள் இருந்தன. மற்றவர்களுக்கு ஃபியட் 1100, அம்பாசடர், மெட்ராசிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரேஸ் கேம்ஷாஃப்ட் வேண்டும், பெரிய வால்வு வேண்டும் என்று கடையில் போய்க் கேட்க முடியாது. காசு கொடுத்து வாங்க முடியாததைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. கையால் செய்யக்கூடியவற்றில் மலிவானது ஹெட் வேலை. ஒரு டை கிரைண்டர், சில கற்கள், எமரி பேப்பர், பொறுமை.

அதை எடைபோட இருந்த கருவிகள்? பிளக்கின் நிறம், டிரைவரின் முதுகு, ஸ்டாப்வாட்ச்.

ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லாது. ஆனால் அது முழு உண்மையையும் சொல்லாது. ஹெட்டை இறக்கினால் யாரும் துளையை மட்டும் அரைத்துவிட்டு மாட்டுவதில்லை. கூடவே ஹெட் பேஸிங் அடிப்பார்கள், கம்ப்ரெஷன் ஏறும். வால்வு சீட் புதுசாக வெட்டுவார்கள், கசிவு நிற்கும். ஜெட் மாற்றுவார்கள். அப்புறம் லேப் நேரம் இரண்டு நொடி குறைந்தால், பெயர் போர்ட்டிங்குக்குப் போகும். பாதிக்கு மேல் கம்ப்ரெஷனால் வந்திருக்கலாம். பிரித்துச் சொல்ல வழியில்லை.

இன்னொன்று, டிராக். விமான ஓடுதளத்தில் நீண்ட நேர்க்கோடு இருக்கும். அங்கே உச்ச ஆர்பிஎம்மில் கிடைக்கும் சக்திதான் லாபம். 1990ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. வளைவுகள் நிறைந்த சுமார் 3.7 கிலோமீட்டர் டிராக். வளைவில் இருந்து வெளியேறும்போது நடு ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும். ஒரு இடத்தில் 'அருமையான ஹெட்' என்று பேர் வாங்கக்கூடியது, இன்னொரு இடத்தில் சுமாராகத்தான் ஓடும். எதற்காக என்று கேட்காமல் 'நல்ல ஹெட்' என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

பளபளப்பு எங்கிருந்து வந்தது?

கண்ணாடி மாதிரி மெருகேற்றுவது தப்பான வேலையென்றால் ஏன் இவ்வளவு பேர் செய்தார்கள்? காரணம் எளிது. வாடிக்கையாளருக்குத் தெரிவது அது ஒன்றுதான். வால்வுக்கு அடியில் இருக்கிற வளைவின் ஆரம் சரியா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மெருகைச் சொல்லிவிடலாம். காசு கொடுத்தவருக்கு ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

ஆனால் சுவரை ஒட்டிய காற்று எப்படியும் மெதுவாகத்தான் நகரும். மெருகேற்றினாலும் பெஞ்சில் எண் கிட்டத்தட்ட மாறுவதில்லை. கார்புரேட்டர் எஞ்சினில் அது கெடுதலாகவும் முடியும். பெட்ரோல் முழுவதும் ஆவியாகி வருவதில்லை. சொட்டுகளாகவும், சுவரில் படலமாகவும் வருகிறது. லேசான சொரசொரப்பு இருந்தால் அந்தப் படலம் மறுபடி உடைந்து காற்றில் கலக்கும். கண்ணாடி மாதிரிச் சுவரில் தாரையாக வழிந்து உள்ளே போய் விழும். அதனால்தான் அனுபவசாலிகள் இன்டேக் துளையை எமரியின் நடுத்தர சொரசொரப்போடு நிறுத்திக்கொள்வார்கள். எக்ஸாஸ்ட் துளையை மெருகேற்றலாம்; கரி ஒட்டுவது கொஞ்சம் குறையும்.

உண்மையான லாபம் இருப்பது வேறு இடத்தில். வால்வுக்குக் கீழே கடைசி ஒரு அங்குலம். சீட்டுக்கு அடியில் இருக்கும் கிண்ணம், காற்று திரும்பி இறங்கும் உள்வளைவு, சீட்டில் வெட்டிய கோணங்கள். 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் சீட் வெட்டுவது இதற்காகத்தான். நீளமான பாதையைத் தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்துவிட்டு இந்த ஒரு அங்குலத்தைத் தொடாமல் விட்ட ஹெட், வாசலுக்கு வெள்ளையடித்து உள்ளே ஒழுகுகிற வீடு.

எண்கள் பட்டறைக்கு வந்தன

ஃப்ளோ பெஞ்ச் நெடுங்காலம் பெரிய கம்பெனிகளின் சொத்தாக இருந்தது. 1970களில் அமெரிக்காவின் சூப்பர்ஃப்ளோ போன்ற நிறுவனங்கள் சின்னப் பட்டறையும் வாங்கக்கூடிய பெஞ்சுகளை விற்க ஆரம்பித்தன. அதோடு 'என் ஹெட் இத்தனை ஓடும்' என்று எண் சொல்லும் காலம் வந்தது. 'நிமிடத்துக்கு இத்தனை கன அடி' என்பதுதான் அந்த எண்.

எண் வந்ததும் ஏமாற்றும் எண்ணாகவே வந்தது. மூன்று விஷயம் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, எந்த அழுத்தத்தில் அளந்தது? காற்றோட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 10 அங்குல நீர் அழுத்தத்தில் 100 கன அடி போகிற துளை, எதையும் தொடாமலேயே, 28 அங்குலத்தில் சுமார் 167 காட்டும். ஒருவர் 10ல் அளந்து நேர்மையாக 100 என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் 28ல் அளந்து 150 என்கிறார். யாருடையது நல்ல ஹெட்? முதலாமவருடையது. ஆனால் வியாபாரம் இரண்டாமவருக்குத்தான் போகும். இன்று 28 அங்குலம் பரவலான வழக்கம் என்றாலும், கேட்டே ஆகவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இரண்டு, எந்த லிஃப்டில்? வால்வு எவ்வளவு உயரம் திறந்தபோது அளந்தது என்று பார்க்க வேண்டும். வால்வைச் சுற்றித் திறக்கும் இடைவெளி, வால்வின் விட்டத்தில் கால் பங்கு உயரம் வரும்போது வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். 36 மில்லிமீட்டர் வால்வுக்கு 9 மில்லிமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு தூக்கினாலும் தடை வால்வில் அல்ல, துளையில். விளம்பரத்தில் போடுவது உச்ச லிஃப்டில் வரும் பெரிய எண்ணை. ஆனால் வால்வு உச்சத்தில் ஒரு கணம்தான் நிற்கிறது. நடு லிஃப்டை இரண்டு தடவை கடக்கிறது: ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. நடுவில் நன்றாக ஓடும் ஹெட்தான் சிலிண்டரை நிரப்பும்.

மூன்று, எல்லாத் துளையும் ஒன்று போலவா? ஒரு துளையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி அதன் எண்ணை மட்டும் காட்டுவது எளிது. நாலு துளைக்கும் எண் கேளுங்கள். ஒன்று பின்தங்கினால் எஞ்சின் அதன் மேல்தான் நொண்டும்.

பெரிய துளை என்ற ஆசை

ஃப்ளோ பெஞ்ச் கொண்டுவந்த மிகப் பெரிய பொய் இது: எண் கூடணுமா, துளையைப் பெரிசு பண்ணு. பெஞ்சில் இது கிட்டத்தட்ட எப்போதும் பலிக்கும். எஞ்சினில் பலிக்காது.

ஏனென்றால் காற்றுக்கு எடை உண்டு. துளைக்குள் வேகமாக வரும் காற்று, பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும், தன் வேகத்தாலேயே உள்ளே திணித்துக்கொண்டு வரும். துளை பெரிதானால் அதே காற்று மெதுவாக வரும். அந்தத் திணிப்பு போய்விடும். கீழ் ஆர்பிஎம்மில் வண்டி தூங்கும். அதற்காகத் துளை சிறிதாகவே இருக்கலாமா என்றால் அதுவும் இல்லை. வால்வு வழியாகப் போகும் வேகம் ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய 0.6 பங்கைத் தாண்டினால் நிரம்புவது சட்டென்று குறைகிறது என்று அமெரிக்காவின் எம்ஐடியில் சி. ஃபயட் டெய்லர் போன்றவர்கள் ஆய்ந்து காட்டினார்கள். ஆக இரண்டு எல்லைக்கு நடுவில் ஒரு அளவு.

நம்ம மாருதி 800ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றும் சுமார் 265 சிசி. கிட்டத்தட்ட ஒரு டம்ளர். 6000 ஆர்பிஎம்மில் மொத்த எஞ்சினும் நூற்றுக்கு நூறு நிரம்பினால்கூட அதற்கு வேண்டியது நொடிக்கு சுமார் 40 லிட்டர் காற்று. இந்த எஞ்சினுக்கு லாரி அளவில் வாசல் வைத்து என்ன செய்ய?

மாருதி 800 எஞ்சினைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் கடைசியில் அந்த எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். 40 குதிரைத்திறனுக்கும் குறைவான குடும்பக் கார் எஞ்சின்தான். ஆனால் சாதாரண ஆட்களும் எட்டிப்பிடிக்கக்கூடிய ரேஸ் காராக அது ஆனது. பிற்பாடு 2005ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த வழியில் வந்தவர்தான். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூரில் 2003ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் இருக்கிறது.

டீசலில் தலைகீழ்ப் பாடம்

இனி காரைக்கால். எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் ஹெட்டுக்கு வேலை வைப்பது ரேஸ் காரல்ல, விசைப்படகு. நேரடியாக எரியறைக்குள் டீசலைத் தெளிக்கும் எஞ்சின்களில் பலவற்றின் இன்டேக் துளை, உள்ளே நத்தை ஓடு மாதிரி முறுக்கிக்கொண்டு போகும். பார்ப்பவருக்கு 'என்னடா இது, காற்றை மறிக்குதே' என்று தோன்றும். மறிக்கத்தான் செய்கிறது. தெரிந்தே வைத்தது அது. காற்றைச் சுழலவிட்டால்தான் டீசல் துளிகள் அதில் கலந்து முழுசாக எரியும். அளவில் கொஞ்சம் இழந்து சுழற்சியை வாங்கியிருக்கிறார்கள். பெட்ரோல் கார் ஞாபகத்தில் அந்த முறுக்கை அரைத்து நேராக்கினால் பெஞ்சில் எண் கூடும், கடலில் கரும்புகை கூடும், டீசல் செலவும் கூடும். அதனால் இப்படிப்பட்ட ஹெட்டை அளக்கும் பெஞ்சில் காற்றின் அளவோடு சுழற்சியையும் சேர்த்து அளப்பார்கள். படகுக்காரருக்கு ஹெட்டின் தரம் என்பது கோப்பை இல்லை. ஒரு நாள் கடலுக்குப் போய்வர ஆகும் டீசல் செலவு.

ஸ்க்ரூட்டினி மேசையில்

போர்ட்டிங்கின் தரத்தை வேறொரு கண்ணோடு பார்க்கும் இடம் ஒன்றுண்டு. எஞ்சின் ஏறக்குறைய ஷோரூமில் இருந்து வந்தபடியே இருக்கவேண்டும் என்ற வகைப் பந்தயங்களில் போர்ட்டிங்கே தடை. ஜெயித்த காரின் ஹெட்டை இறக்கிப் பார்க்கும் ஸ்க்ரூட்டினியருக்கு, வேலை நன்றாக நடந்திருக்கிறதா என்பது கேள்வி அல்ல. வேலை நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வார்ப்பின் மணல் தடம் அப்படியே இருக்கிறதா, கோரின் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரிகிறதா, சீட்டுக்கு அடியில் விளிம்பு நிற்கிறதா என்று தேடுவார்.

அவரை ஏமாற்றவும் கலை வளர்ந்தது. துளையை அரைத்துவிட்டு, மணலை வேகமாக அடித்து மறுபடி வார்ப்பு போலச் சொரசொரப்பாக்குவது ஒரு வழி. அரைக்கும் துகள் கலந்த பசையை அழுத்தத்தில் துளை வழியே தள்ளி, கருவித் தடமே தெரியாமல் தேய்ப்பது இன்னொரு வழி. வேடிக்கை பாருங்கள்: சக்திக்காகத் திருட்டுத்தனமாகச் செய்பவர் பளபளப்பை ஒளித்துவைக்கிறார், அப்படியும் வண்டி ஓடுகிறது. பளபளப்பு தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆக, எப்படிப் பார்ப்பது?

இன்று ஐந்து அச்சு சிஎன்சி மெஷின் ஒரு நல்ல துளையை அளந்து, அதே வடிவத்தை அடுத்த ஆயிரம் ஹெட்டில் வெட்டித் தருகிறது. துளைக்குத் துளை வித்தியாசம் என்ற பழைய தலைவலி பெருமளவு தீர்ந்தது. ஆனால் மூலத்துளை மோசமென்றால் மோசத்தையும் ஆயிரம் பிரதி எடுக்கும். மெஷின் திரும்பச் சொல்லும், யோசிக்காது.

அதனால் ஹெட் வாங்குகிறவர், அல்லது தன் ஹெட்டை வேலைக்குக் கொடுக்கிறவர், கேட்கவேண்டிய வரிசை மாறவில்லை. முதலில் எந்த வண்டிக்கு, எந்த ஆர்பிஎம்முக்கு என்று கேட்காமல் வேலை ஆரம்பிக்கிற கடையில் இருந்து மெதுவாக நகர்ந்துவிடுங்கள். வேலைக்கு முன் எண், வேலைக்குப் பின் எண், இரண்டும் ஒரே பெஞ்சில், ஒரே அழுத்தத்தில், ஒவ்வொரு லிஃப்டிலும், ஒவ்வொரு துளைக்கும் கேளுங்கள். துளையின் கொள்ளளவு எவ்வளவு கூடியது என்றும் கேளுங்கள். அளவு கொஞ்சம் கூடி ஓட்டம் நிறைய கூடியிருந்தால் அது மூளையால் செய்த வேலை. அளவு நிறைய கூடி ஓட்டம் கொஞ்சம் கூடியிருந்தால் அது கிரைண்டரால் செய்த வேலை. எரியறைகள் எல்லாம் ஒரே கொள்ளளவா என்பதை அளவுக்குழாயும் ஒரு கண்ணாடித் தகடும் வைத்து யாரும் பார்த்துவிடலாம். வால்வு கைடு ஆடுகிறதா, சீட் கசிகிறதா என்ற பழைய மண்ணெண்ணெய்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள். கசிகிற வால்வுக்கு மேலே எவ்வளவு அழகான துளை இருந்தும் பிரயோஜனமில்லை. அரைத்த இடத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் வழி இருக்கிறது. சுவர் மெலிந்துபோனால் அது இன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

கடைசியாக டைனோ. அதிலும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி நிலைமையில் ஓட்ட வேண்டும். 20 டிகிரிக் காலையில் இருந்த காற்றைவிட 38 டிகிரி மத்தியானக் காற்று சுமார் 6 சதவீதம் மெலிந்தது. ஜனவரி அதிகாலையில் ஓட்டிய எண்ணையும் மே மாத மத்தியானத்தில் ஓட்டிய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், போர்ட்டிங்கை அல்ல, தட்பவெப்பத்தைத்தான் அளக்கிறோம். உச்சப் புள்ளியை மட்டும் பார்க்காமல், வண்டி நிஜமாக ஓடுகிற ஆர்பிஎம்மில் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

1912ல் ஜெயித்தால் நல்ல ஹெட் என்றார்கள். வெஸ்லேக் அளந்தால் தெரியும் என்றார். அம்பாசடரின் ஒட்டிப்பிறந்த துளை, அளந்தாலும் எல்லாம் தெரியாது என்றது. டீசல் துளை, அளவு மட்டுமே அழகல்ல என்றது. இத்தனை அளவுகோலில் எதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை, ஒன்றின் பொய்யை இன்னொன்றைக் கொண்டு பிடித்துக்கொள்ளலாம். டார்ச் அடித்துப் பார்ப்பதிலும் தப்பில்லை. பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, வால்வுக்குக் கீழே இருக்கிற அந்தக் கடைசி ஒரு அங்குலத்தை.